திறந்த சன்னலின் காவல்

எங்கள் துணிக்கடையில் ஆறடி இடைவெளியும் கைகழுவலும் இருந்தால் கொரோனா போன்ற தொற்றுக்குப் போதாதா?
— வாசகர், தேவராஜ மொஹல்லா, மைசூரு

போதாது. இருமலில் தெறிக்கும் பெருந்துளிகள் சில அடிக்குள் விழுந்துவிட, பேச்சிலும் மூச்சிலும் வெளிவரும் ‘ஏரோசால்’ எனப்படும் நுண்துளிகளோ மூடிய அறையில் புகைபோல நெடுநேரம் மிதந்து, ஆறடிக்கு அப்பால் நிற்பவரையும் எட்டுகின்றன. கொரோனா காற்றில் பரவாது என்று 2020 மார்ச்சில் அடித்துக் கூறிய உலக சுகாதார நிறுவனம், அதை ஓரளவு தெளிவாகத் திருத்தி எழுதவே 2021 ஏப்ரல் இறுதியாயிற்று. அப்போது இந்தியா இரண்டாம் அலையில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. காசநோய்க்கு மருந்தில்லாத காலத்துச் சானடோரியங்கள் காற்றோட்டத்தையே சிகிச்சையாகக் கொண்டிருந்ததை மறந்தது பெருந்தவறு. அறைக்காற்றையே சுழற்றும் ஏ.சி.யை நம்பாமல், எதிரெதிர்க் கதவு சன்னல்களைத் திறந்து, ஒரு மேசை விசிறியை வெளிநோக்கி வைத்து, நெரிசல் நேரத்தில் முகத்தோடு படியும் என்95 கவசம் அணிவதே கடைக்காரருக்கு உண்மையான காவல்.