எரிசாராயம் கலந்த பெட்ரோலும் மோட்டார் வண்டியின் ஓட்டமும்

கரும்பாலைக் கழிவுப்பாகு, நொய்யரிசி, மக்காச்சோளம் முதலியவற்றினின்று வடிக்கப்படும் எரிசாராயத்தை நூற்றுக்கு 20 பங்கு சேர்த்த பெட்ரோல் 2023-ம் வருஷத்தில் நம் தேசத்தில் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் எங்கும் பரவிற்று. ஆலைக்குக் கரும்பு அனுப்பும் மிராசுதாரரே அதனைத் தம் காரில் ஊற்றுபவராகவும் இருத்தலின், அதன் குணாகுணங்களை அவர் அறிந்திருத்தல் அவசியம்.

ஒரு லிட்டர் எரிசாராயத்தில், அதே அளவு பெட்ரோலிலுள்ள உஷ்ண சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே உண்டு. ஆகவே வண்டி ஓடும் தூரம் குறைவது இயல்பே. 10 பங்குக் கலப்புக்குச் சீர்செய்யப்பட்ட பழைய காரில் இக்குறைவு நூற்றுக்கு 6 முதல் 7 வரை இருக்கலாமென 2021-ல் நீதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது. இயந்திரம் தட்டுதல் குறைவது இக்கலப்பின் நன்மை. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியோ, காற்றின் விகிதம் மிகுதலால், வேகங்கூட்டும்போது தயங்கித் தயங்கி இழுக்கும்.

இவை பொறுக்கத்தக்கவை. பெரிய விரோதி ஜலமே. எரிசாராயம் ஜலத்தை ஈர்க்கும் சுபாவமுடையது. ஜலம் அளவு மீறின், இரண்டுஞ் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். இயந்திரத்துக்குச் செல்லும் குழாயோ அடியிலிருந்தே உறிஞ்சுகின்றது. வண்டி கிளம்பாது, கிளம்பினும் சற்றுத் தூரத்தில் நின்றுவிடும். அடைமழைக் காலத்தில் மாதக்கணக்காய்க் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு இவ்வபாயம் அதிகம். தொட்டி மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் உடனே மாற்றுக. பிரிந்துபோனதன்மேல் புதுப் பெட்ரோலை ஊற்றி ஓட்டிப்பார்ப்பது வீண் செலவு. தொட்டியை முழுதும் வடித்த பின்னரே நிரப்பவேண்டும்.