இந்த வாரம் வீட்டில்: எங்கள் வளவின் படம் (தரம் 4, 5)



பாடசாலை தவறிய பிள்ளைக்குக் கணிதத்தை வளவிலிருந்தே தொடங்கலாம். கிணற்றிலிருந்து அடுப்படி வரை எத்தனை காலடி என்று பிள்ளை நடந்து எண்ணட்டும். ஒரு காலடியின் நீளத்தை அடிமட்டத்தால் அளந்து பெருக்கினால் தூரம் சென்ரிமீற்றரில் வரும். 100 ஆல் வகுத்தால் மீற்றர். பிறகு கொப்பியில் ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று படம் கீறட்டும். முன்பு நின்ற மாமரம், பழைய வீட்டின் அத்திவாரம் எங்கேயென்று அம்மம்மா சொல்ல, பிள்ளை குறிக்கட்டும். அழுகை வந்தால் நிறுத்துங்கள், நாளைக்குத் தொடரலாம்.

மிதிவெடி அகற்றிய இடத்துக்குள் மட்டும் அளக்க விடுங்கள். மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகைக்கு அப்பால் ஓர் அடியும் வேண்டாம். தெரியாத பொருள் கிடந்தால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து உங்களிடம் சொல்லப் பழக்குங்கள். நீங்கள் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். படத்தில் அந்தப் பலகையையும் சிவப்பால் கீறச் சொல்லுங்கள்.