கீஸர் வாங்கும் முன் கொஞ்சம் கணக்கு

கார்த்திகை பிறந்துவிட்டால் தில்லியில் நம்மவர் வீடுகளில் ரஜாய் பெட்டியைவிட்டு வெளியே வரும். ஸ்வெட்டர்கள் வெயிலில் காயும். குளியலறைச் சுவரில் தொங்கும் கீஸரை மட்டும் யாரும் நினைப்பதில்லை. முதல் குளிர்நாள் காலையில் தண்ணீர் சுடவில்லை என்றவுடன்தான் அதன் ஞாபகம் வரும். மார்கழியில் ஊரிலிருந்து வயதான பெற்றோர் வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அன்று மாலையே கடைக்கு ஓடி, கடைக்காரர் காட்டியதை வாங்கி மாட்டிவிடுவோம். அப்படி வாங்கிய பிறகு வருந்துவதைவிட, வாங்கும் முன் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லதல்லவா?

முதல் கேள்வி: பழையது ஏன் போயிற்று?

தண்ணீர் சுடவில்லை என்றால் பெரும்பாலும் போயிருப்பது உள்ளேயிருக்கும் சூடேற்றும் கம்பி (எலிமெண்ட்) அல்லது தெர்மோஸ்டாட். இவற்றை மட்டும் மாற்றினால் போதும். தொட்டியே ஒழுகினால்தான் புதிய கீஸர் தேவை.

இரண்டுக்கும் காரணம் பல சமயம் உப்புத் தண்ணீரே. போர் தண்ணீர் வரும் காலனிகளில் வாளியிலும் குழாயிலும் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு எலிமெண்டைச் சுற்றிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் எலிமெண்டே எரிந்துபோகிறது.

கண்ணாடிப் பூச்சுள்ள இரும்புத் தொட்டிக்குள் மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டு, தொட்டியைத் துருவிலிருந்து காப்பதுதான் அதன் வேலை. கம்பி கரைந்துவிட்டால் அடுத்தது தொட்டிதான். எனவே உப்புத் தண்ணீர் வரும் வீட்டார் ஆண்டுக்கொருமுறை இந்தக் கம்பியைப் பார்த்து, கரைந்திருந்தால் மாற்றச் சொல்ல வேண்டும். புதியது வாங்கும்போதும், ‘இந்தக் கம்பி தனியாகக் கிடைக்குமா?’ என்று கேட்டு வாங்குங்கள்.

எத்தனை லிட்டர் வேண்டும்?

ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஜனவரி காலையில் மேல்தொட்டித் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 48 டிகிரி ஏற்ற வேண்டும்.

15 லிட்டர் கீஸர்: 15 x 48 = 720. இதை 860-ஆல் வகுத்தால் சுமார் 0.84 யூனிட். 2 கிலோவாட் எலிமெண்ட் இதற்கு 25 நிமிடம் எடுக்கும். பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரிக்கு விளாவினால் 26 லிட்டர் கிடைக்கும். அதாவது ஒரு வாளியும் கொஞ்சமும்.

25 லிட்டர் கீஸர்: 1.4 யூனிட், 42 நிமிடம். விளாவினால் 43 லிட்டர், இரண்டு வாளி.

எலிமெண்ட் ஒரே அளவாயிருந்தால், ஒரு மணி நேரத்தில் இரண்டும் சுடவைக்கும் தண்ணீர் ஏறத்தாழ ஒன்றே. பெரிய தொட்டியில் இரண்டு பேர் அடுத்தடுத்துக் குளிக்கலாம். சிறியதில் ஒவ்வொருவருக்கும் நடுவே காத்திருக்க வேண்டும். பள்ளிக்கும் ஆபீஸுக்கும் ஒரே நேரத்தில் கிளம்பும் நால்வர் குடும்பத்துக்கு 25 லிட்டரே வசதி. தனியாக இருப்பவருக்கு 15 போதும்.

ஊர்க் கணக்கு இங்கே உதவாது

‘சென்னையில் அக்கா வீட்டில் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீஸர்தான், பிரமாதமாக இருக்கிறது’ என்று சொல்லி அதையே இங்கே வாங்குபவர்கள் உண்டு. 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீஸர், நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் தண்ணீரைச் சுமார் 14 டிகிரிதான் ஏற்றும். சென்னையில் 26 டிகிரியில் வரும் தண்ணீர் 40 ஆகிவிடும், குளிக்கச் சுகம். தில்லி ஜனவரியில் 12 டிகிரி 26 ஆகும். பெரியவர்களுக்கு நடுக்கம்தான் மிஞ்சும். சமையலறையில் பாத்திரம் கழுவ அது போதும்; குளியலுக்குப் போதாது.

கேஸ் கீஸர்: உயிர் விஷயம்

கேஸ் கீஸர் தண்ணீரை ஓடஓடச் சுடவைக்கும். கரண்ட் பில் பயமும் இல்லை. ஆனால் அதைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. போதிய காற்றில்லாமல் எரிவாயு எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்குப் பயந்து ஜன்னலை நாமே அடைத்துவிடுகிறோம். தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். கதவைத் திறக்கக்கூடத் தெம்பிருக்காது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்தியப் பத்திரிகைகளில் இத்தகைய மரணச் செய்திகள் வருகின்றன.

கேஸ் கீஸர்தான் வேண்டுமென்றால், காற்றோட்டமான திறந்த பால்கனியில் மாட்டி, குழாய் வழியே வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். சிலிண்டருக்கென்று செய்ததைக் குழாய் எரிவாயுவில் பொருத்தக் கூடாது. யாராவது உள்ளே மயங்கினால் கதவைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, கேஸை மூடி, உடனே 112-க்குப் போன் செய்யுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

1. அடுக்குமாடிக் கட்டடத்தில் கீழ்த்தளத்தில்தான் தண்ணீரின் அழுத்தம் அதிகம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். மேல்தொட்டி 60 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழ்வீட்டில் 6 பார். அத்தகைய வீட்டுக்கும், பிரஷர் பம்ப் உள்ள வீட்டுக்கும் 8 பார் தாங்கும் தொட்டியே ஏற்றது.

2. அழுத்தத்தை விடுவிக்கும் வால்வில் சொட்டுச்சொட்டாக நீர் கசிவது அதன் வேலை. சொட்டுகிறதே என்று யாரும் அதை அடைத்துவிட விடாதீர்கள். அடைத்தால் தொட்டி வெடிக்கக்கூடும்.

3. 2 கிலோவாட் கீஸர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், 30 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மூன்றும் வேண்டும். வாடகை வீடாயிருந்தால் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு முதலில் பாருங்கள்.

4. ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் நட்சத்திர அட்டையையும் பாருங்கள். தொட்டி கீஸரில் நட்சத்திரம் கூடக்கூட, சுட்ட தண்ணீர் ஆறும்போது வீணாகும் சூடு குறைவு. நாள் முழுதும் போட்டு வைக்கும் வீட்டுக்கு இது பெரிய மிச்சம். குளிக்கும் முன் போட்டு, பிறகு அணைத்துவிடும் வீட்டுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

கடைக்குப் போகும் முன் ஒரு சீட்டில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: காலையில் அடுத்தடுத்துக் குளிப்பவர் எத்தனை பேர், வருவது போர் தண்ணீரா, மேல்தொட்டி எவ்வளவு உயரம், எர்த் இருக்கிறதா. விலையை அதற்குப் பிறகு கேளுங்கள். அடுத்த மார்கழியில் விடியற்காலை எழுந்து குளித்துவிட்டுக் கோவிலுக்குக் கிளம்பும் அம்மாவுக்கு, குளியல் இதமாகவும் இருக்க வேண்டும், ஆபத்தில்லாமலும் இருக்க வேண்டும்.