நடுவில் இசை

தெருவில் ஒருவர் இசைக்கத் தொடங்கினால், கேட்போர் அவரைச் சுற்றி வட்டமாகக் கூடுவர். இவ்வியல்பைக் கூர்ந்து நோக்கிய ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஹான்ஸ் ஷரூன், அதனையே ஓர் அரங்கின் அடிப்படையாக்கினார். அதுவே பெர்லின் ஃபில்ஹார்மனி.

இரண்டாம் உலகப்போரில், 1944இல் குண்டுவீச்சால் பழைய அரங்கு அழிந்தது. புதிய அரங்கு 1963 அக்டோபர் 15 அன்று திறக்கப்பட்டது. நகரை இரண்டாகப் பிரித்த பெர்லின் சுவர் எழுந்து அப்போது ஈராண்டுகளே ஆகியிருந்தன. அச்சுவர் அரங்கிற்கு அண்மையிலேயே நின்றது.

அரங்கினுள் நுழைவோர் முதலில் வியப்பது மேடை அமைந்த இடத்தைக் கண்டுதான். வழக்கமாக ஒரு கோடியில் இருக்கும் மேடை, இங்கு ஏறத்தாழ நடுவில் உள்ளது. மலைச்சரிவில் அடுக்கடுக்காய் அமைந்த திராட்சைத் தோட்டம் போல, 2,200க்கும் மேற்பட்ட இருக்கைகள் சிறுசிறு தொகுதிகளாக நாற்புறமும் உயர்கின்றன. இவ்வமைப்பு அழகுக்காக மட்டும் அன்று. தொகுதிகளைப் பிரிக்கும் தாழ்ந்த சுவர்கள், தம்மீது படும் ஒலியைத் திருப்பிக் கேட்போரிடம் சேர்க்கின்றன. கூடாரம்போல் கீழ்நோக்கி வளைந்த உட்கூரை, ஒலியை ஓரிடத்தில் குவியவிடாமல் எங்கும் பரப்புகிறது. இசைக்குழுவின் பின்புறம் அமர்வோர், குழுவை வழிநடத்துபவரின் முகத்தையே நேரில் காண்பர்.

மக்களைப் பிரிக்கச் சுவர் எழுந்த நகரில், இவ்வரங்கின் சுவர்கள் இசையை அனைவர்க்கும் பகிர்ந்தளிக்க எழுந்தன.