மெட்டி ஒலி சொல்லித் தராத பாடம்



குடும்பமாகச் செபமாலை சொல்லிவந்த நேரத்தில் இன்று பல வீடுகளில் தொலைக்காட்சித் தொடர் ஓடுகிறது. அதற்காக உங்களைக் கடிந்துகொள்வது நமது நோக்கமன்று. பார்ப்பதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள். ஆகவே, இவ்வாரப் பாடத்துக்கு நம்மிற் பலர் அறிந்த தொடர் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

திருமுருகன் இயக்கிய "மெட்டி ஒலி" 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. 2020இல், கொரோனா முடக்கத்தின்போது, மீண்டும் காட்டப்பட்டது. தாயில்லாத ஐந்து பெண்மக்களைக் கரைசேர்க்கப் பாடுபடும் சிதம்பரம் என்னும் தகப்பனின் கதை அது. அவரில் தங்களையே கண்ட தகப்பன்மார் மாத்தளையிலும் இரத்தோட்டையிலும் உக்குவளையிலும் இருப்பார்கள்.

அம்மகள்மாரில் ஒருத்தி சரோஜா. அவள் கணவன் மாணிக்கம் தாயின் சொல்லுக்கு ஆடுபவன், மனைவியை வதைப்பவன். அவள் அழுதபோது நாமும் அழுதோம். அந்தக் கண்ணீர் நல்லதே. ஆனால் அதிலிருந்து நாம் கற்றது என்ன? "எவ்வளவு பொறுமை! அவளல்லவோ குடும்பப் பெண்!" என்றோம். தவறு நுழைவது இங்கேதான். வதைபடுவதே விவாகத்தின் இலட்சணம் என்று நம் பெண்பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள்.

திருச்சபை போதிப்பது அதுவன்று. ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தாய் தந்தையை விட்டு மனைவியோடு ஒன்றித்திருப்பவன் என்று அங்கே சொல்லப்படுபவன் ஆண்மகன். நம் வழக்கிலோ விட்டு வருபவள் பெண் மட்டுமே. விட்டு வருதல் என்றால் பெற்றோரைக் கைவிடுவதன்று. நான்காம் கட்டளை என்றும் நிற்கும். மனைவிக்கு எதிராகத் தாயின் கையில் கோலாகாமல் இருப்பதே அதன் பொருள். மாணிக்கம் தாலி கட்டினான். ஆனால் தாயை விட்டு வரவில்லை.

மனைவி கணவனுக்கு அமைந்திருக்கட்டும் என்ற புனித சின்னப்பரின் வார்த்தையைப் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். எபேசியர் திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தில் அதற்கு முந்திய வசனம், இருவரும் ஒருவருக்கொருவர் அமைந்திருக்கக் கேட்கிறது. பிந்திய வசனங்களோ, கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்தது போல் அன்பு செய்யும்படி கணவனைப் பணிக்கின்றன. பெண்ணை அடிப்பது ஆண்மையன்று, கோழைத்தனமே என்று காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் "அன்பின் மகிழ்ச்சி" மடலில் எடுத்துரைத்தார்.

"விவாகம் பிரிக்க முடியாததாயிற்றே, சுவாமி?" என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் துணைவரால் ஆன்மாவுக்கோ உடலுக்கோ பாரிய ஆபத்து நேரும்போது பிரிந்து வாழ, 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 1153ஆம் பிரிவில் இடமளிக்கிறது. விவாகப் பந்தம் அழிவதில்லை, உயிர் காக்கப்படுகிறது. நாட்டின் சட்டமும் உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அப்படிக் கோருபவள் பாவியல்ல.

தோட்டத்து லயத்தின் சுவர் மெல்லியது. அடுத்த காம்பராவில் அடிவிழும் சத்தம் நமக்குக் கேட்கிறது. நாமோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டுச் சரோஜாவுக்காக அழுகிறோம்! வஹாகோட்டைப் புனித அந்தோனியாருக்கு நேர்ச்சை வைத்தால் மட்டும் போதாது; எழுந்துபோய்க் கதவைத் தட்டவும் வேண்டும்.

இவ்வாரம் குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் வீட்டில் "தயவுசெய்து", "நன்றி", "மன்னித்துவிடு" என்ற சொற்களைக் கணவன் மனைவியிடம் சொல்வதுண்டா?

2. மருமகள் குறை சொன்னால், மாமியார் அவளைத் தம் மகளாக எண்ணிக் கேட்கிறாரா?

3. மணமுடித்துக் கொடுத்த மகள் அழுதுகொண்டு வாசலில் வந்து நின்றால், "பொறுத்துப் போ" என்பதற்கு முன், "உள்ளே வா, மகளே" என்று சொல்வோமா?