சேராத செய்திகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவி எழுதியது)

தடயம் கிடைத்துவிட்டால் குற்றவாளி அகப்பட்டுவிடுவான் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். திரைப்படங்களும் துப்பறியும் நாவல்களும் நமக்கு ஊட்டிய எண்ணம் அது. ஆனால் தடயம் கையில் இருந்தும், பெயர் ஏட்டில் இருந்தும், ஆளே எதிரில் அமர்ந்து பதில் சொல்லியும் குற்றவாளியை விட்டுவிட்ட வரலாறு உண்டு. ஒரு பிரிவு அறிந்ததை மற்றொரு பிரிவு அறியாததே அதற்குக் காரணம். இதனை இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைக் கொண்டு ஆராய்வோம்.

வழக்கின் வரலாறு

1975 முதல் 1980 முடிய இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயர் வட்டாரத்திலும் மான்செஸ்டர் நகரிலும் 13 பெண்கள் கொலையுண்டனர். மேலும் 7 பெண்கள் சாவின் வாயில்வரை சென்று மீண்டனர். கொலையாளி பீட்டர் சட்கிளிஃப் என்னும் லாரி ஓட்டுநர். இவரைத் தேடிய அந்த ஆண்டுகளிலேயே காவலர்கள் இவரை ஒன்பது முறை விசாரித்துள்ளனர்! ஒன்பது முறையும் இவர் விடுபட்டார்.

எப்படி விடுபட்டார்? 1977-இல் மான்செஸ்டரில் கொலையுண்ட பெண்ணின் கைப்பையில் புத்தம் புதிய ஐந்து பவுன் நோட்டு ஒன்று இருந்தது. அந்த நோட்டு யார்க்ஷயர்ப் பகுதி வங்கிகள் வழியாகச் சம்பளப் பணமாகச் சென்றது என்று கண்டு, பல தொழிற்கூடங்களின் ஊழியர்களைக் காவலர்கள் விசாரித்தனர். சட்கிளிஃப் அவர்களில் ஒருவர். குற்றங்கள் நடந்த வட்டாரங்களில் இவருடைய கார் பன்முறை காணப்பட்டதாக வேறு சிலர் குறித்து வைத்திருந்தனர். 1979-இல் இவரை விசாரித்த காவலர் ஒருவர், தம் ஐயத்தை விளக்கி அறிக்கையே எழுதினார். அந்த அறிக்கை கோப்பில் போய் உறங்கிற்று.

நோட்டு ஓர் இடத்தில், கார் எண் ஓர் இடத்தில், அறிக்கை ஓர் இடத்தில். லீட்ஸ் நகர மில்கார்த் காவல் நிலையத்தில் எல்லாச் செய்திகளும் கையால் எழுதிய அட்டைகளாகக் குவிந்தன. நம் நூலகத்தில் நூலுக்கு ஓர் அட்டை இருந்ததுபோல், அங்கே ஆளுக்கு ஓர் அட்டை. வந்த செய்தியை உரிய அட்டையில் ஏற்றவே நேரம் போதவில்லை. ஆகவே விசாரிக்கச் சென்ற காவலர், இவரை முன்னரே யார், எதற்காக விசாரித்தார் என்பதை முழுமையாக அறியாமலே கதவைத் தட்டினார்.

பரவிய பொய்

செய்தியைப் பகிர்ந்துகொண்டால் மட்டும் போதுமா? போதாது. 1979-இல் கொலையாளியின் குரல் என்று ஓர் ஒலிநாடா வந்தது. அதில் பேசியவரின் பேச்சு வடகிழக்குக் கரையிலுள்ள சண்டர்லாந்துப் பகுதியைச் சேர்ந்தது. தலைமை அதிகாரிகள் அதனை நம்பினர். அந்தப் பேச்சு வழக்கு இல்லாதவரைப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்ற குறிப்பு மற்ற காவல் படைகளுக்கும் சென்றது. யார்க்ஷயர்ப் பேச்சுடைய சட்கிளிஃப் மீண்டும் தப்பினார். ஒலிநாடா வந்தபின் மேலும் மூன்று பெண்கள் உயிரிழந்தனர். அந்த ஏமாற்றுக்காரர் மரபணுச் சோதனையால் பிடிபட்டு, 2006-இல் எட்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

இதற்கு முன்பே, தாக்குதலில் உயிர் தப்பிய பெண்கள் சிலர் தாக்கியவரின் முகத்தை விவரித்திருந்தனர். உள்ளூர்ப் பேச்சே பேசினார் என்றும் கூறியிருந்தனர். ஆனால் இவன் பாலியல் தொழில் செய்யும் பெண்களை மட்டுமே தாக்குபவன் என்று காவல் துறை முடிவு கட்டியிருந்ததால், சில தாக்குதல்கள் இந்த வழக்கோடு சேர்க்கப்படவே இல்லை. எந்தப் பெண் சொன்னால் நம்பலாம் என்று முன்கூட்டியே தரம் பிரித்தவர்கள், கண்ணால் கண்ட சாட்சியைக் கைவிட்டு நாடாவை நம்பினர். இறந்த பெண்களைப் பற்றி அன்று பேசிய தரக்குறைவான பேச்சுக்காக மேற்கு யார்க்ஷயர் காவல் துறை 2020-இல்தான் மன்னிப்புக் கேட்டது.

அந்த ஆண்டுகளில் இரவில் வெளியே வரவேண்டாம் என்று பெண்களுக்குத்தான் அறிவுரை கூறப்பட்டது. அதனை எதிர்த்து 1977 நவம்பரில் லீட்ஸ் பெண்கள் இரவிலேயே ஊர்வலம் சென்றனர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். செய்முறை வகுப்பு முடிந்து இருட்டிய பின் பேருந்தில் ஊர் திரும்பும்போது, "பொழுது சாய்வதற்குள் வரக்கூடாதா?" என்ற கேள்வி எனக்கும் பழக்கமானதே. அட்டைகள் சேராததற்கு விலை கொடுப்பவர் யார் என்பதை அதனால் என்னால் உணர முடிகிறது.

கற்ற பாடங்கள்

1981 சனவரி 2 அன்று ஷெபீல்டு நகரில் ரோந்து சென்ற இரு காவலர்கள் ஒரு காரின் எண்ணைத் தேசியக் காவல் கணிப்பொறியில் சரிபார்த்தனர். எண் வேறொரு காருக்கு உரியது. உள்ளே இருந்தவர் சட்கிளிஃப். ஐந்து ஆண்டுகள் குவிந்த அட்டைகள் செய்யாததை ஒரு சிறு சரிபார்ப்புச் செய்து முடித்தது.

லாரன்ஸ் பைஃபோர்டு என்னும் உயர் அதிகாரி இவ்வழக்கின் குறைகளை ஆராய்ந்து 1981-இல் அறிக்கை தந்தார். அதன் விளைவாகப் பெருங்குற்ற விசாரணைக்குப் பொதுவான நடைமுறைகள் வகுக்கப்பட்டன. 1980-களின் நடுவில் ‘ஹோம்ஸ்’ என்னும் கணிப்பொறி முறை வந்தது. அதிகாரிகளுக்குப் பயிற்சியும் வலியுறுத்தப்பட்டது. செய்தி தந்தவர் நம்பத்தக்கவரா, செய்தி நம்பத்தக்கதா, யாரோடு பகிரலாம் என்னும் மூன்றையும் தனித்தனியே மதிப்பிடும் முறை பிரிட்டிஷ் காவல் துறையில் பின்னர் நெடுநாள் வழங்கியது. ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொன்ன வள்ளுவரின் ‘ஒற்றாடல்’ அதிகாரம் இங்கே நினைவுக்கு வருகிறது.

ஆயினும் பாடம் ஒரே நாளில் படிந்துவிடவில்லை. 2002-இல் சோஹம் என்னும் ஊரில் இரு சிறுமிகளைக் கொன்ற பள்ளிக் காவலாளியின் மீது, வேறொரு மாவட்டக் காவல் துறையில் முன்பே பல புகார்கள் இருந்தன. அவை அவரை வேலைக்கு எடுத்த பள்ளிக்கு எட்டவில்லை. அதனை ஆராய்ந்த பிச்சர்டு குழுவின் பரிந்துரையால் பிரிட்டனின் காவல் படைகளை இணைக்கும் தரவுத்தளம் 2011-இல் செயற்பட்டது. நம் நாட்டில் காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். திட்டத்துக்கு மத்திய அரசு 2009-இல் ஒப்புதல் அளித்தது.

முடிவுரை

கணிப்பொறி அட்டைகளை வேகமாகச் சேர்க்கும். ஆனால் பொய்யையும் அதே வேகத்தில் பரப்பும். குற்றமற்றவர் பெயரையும் ஊர் ஊராகக் கொண்டு செல்லும். ஆகவே பகிர்வதற்குச் சட்டத்தின் வரம்பும், மதிப்பிடுவதற்குப் பயிற்சியும் இன்றியமையாதவை. நம் கல்லூரியில் காவல் துறைத் தேர்வுக்கு ஆயத்தமாகும் தோழர்களும் தோழியரும் பலர் உள்ளனர். நாளை உங்கள் மேசைக்கு ஒரு பெண் வந்து வாக்குமூலம் தருவாள். அவள் யார் என்று பார்த்து எடை போடாதீர்கள். அவள் சொன்னதை முழுமையாக எழுதி, அது சேரவேண்டிய இடத்தில் சேர்ந்ததா என்றும் பாருங்கள்.