மூத்தம்மாவுக்கு 45 விநாடி

கேள்வி: லண்டனிலிருந்து வந்த சாச்சாவின் பிள்ளைகள் ‘ஆர்ட்டிகுலேட்’ விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். 30 செக்கனுக்குள் முடிந்த அளவு சொற்களை விளக்கித் தன் அணியைக் கண்டுபிடிக்க வைக்க வேணும். நாங்கள் கத்திக் கூத்தடிக்க, மூத்தம்மா பேசாமல் இருக்கிறார். அவரை எப்படிச் சேர்ப்பது?
— வாசகி, குறிஞ்சாக்கேணி

பதில்: பிழை மூத்தம்மாவில் இல்லை, அட்டைகளில்தான். 1992இல் இங்கிலாந்தில் வெளியான விளையாட்டு அது. அந்த நாட்டு நடிகர்களை அவர் எங்கே கண்டார்? பலகையையும் மணல் கடிகாரத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கொப்பித் தாளில் நீங்களே அட்டை எழுதுங்கள்: கன்னியா வெந்நீரூற்று, தம்பலகாமம், வட்டிலப்பம், சுளகு, இடியப்ப உரல், நோன்புக் கஞ்சி, கிண்ணியாப் பாலம். பாலம் 2009இல் திறக்கப்படுமுன் மிதவைப் பாதையில் ஏறிக் கடந்தவர்களுக்குக் கடைசி அட்டை விழுந்தால் கதையே தொடங்கிவிடும்! ஆகவே மூத்தவர்களுக்கு 45 விநாடி, போனில் வைத்து.

சொல்லின் ஒரு பகுதியைக்கூட உச்சரிக்கக் கூடாது என்பது விதி. நம் கூட்டுச்சொற்களுக்கு அது கொடுமை. ‘நோன்பு’ என்று வாய் தவறத்தான் செய்யும். அட்டையை ஒதுக்குங்கள், புள்ளியைக் குறைக்காதீர்கள்.

முக்கியமாக, மூத்தம்மா விளக்கட்டும், லண்டன் பேரன் ஊகிக்கட்டும். வாசிக்கச் சிரமமென்றால் சொல்லைக் காதில் ஓதிவிடுங்கள். சுளகுக்கு அவர் கை தானாகப் புடைக்கும். ‘சைகை கூடாது!’ என்று எதிரணி கத்தும். நான் நடுவரென்றால் புள்ளி கொடுத்துவிடுவேன்.